மாமியின் ஊசி மருந்தை ஐஸில் போட்ட கதை

மீன் வியாபாரியின் வீட்டில் பிறந்தவர்களுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான். ஐஸில் போட்டவை ஒன்று, ஐஸில் போடாததால் கெட்டுப்போனவை மற்றது. நான் திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லியில் அப்படியொரு வீட்டில் பிறந்தவள். அப்பாவுக்குக் கடற்கரையில் ஒரு வாடி இருந்தது. (வாடி என்றால் மீனை நிறுத்து, ஐஸ் அடித்து, லொறியில் ஏற்றும் கொட்டில்.) எனக்குக் காய்ச்சல் வந்தால் ஐஸ். கால் சுளுக்கினால் ஐஸ். சோதனையில் புள்ளி குறைந்து, அழுது முகம் வீங்கினால் அதற்கும் ஐஸ். பிறகு நான் பல்கலைக்கழகம் போனேன், பட்டம் வாங்கினேன், வங்கியில் வேலைக்கும் சேர்ந்தேன். ஐஸ் மீதான நம்பிக்கையை மட்டும் ஒரு விரிவுரையாளராலும் அசைக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட நான் வாழ்க்கைப்பட்டது பாலையூற்றில் ஒரு சுத்த சைவ வீட்டில். காதல் கலியாணம். (காதலிக்கும்போது யார் குசினி அடுப்பைப் பற்றிக் கதைக்கிறார்கள்?) மாமா முன்பே காலமாகிவிட்டார். மாமி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் என்னை ஒரு நாளும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி, இரண்டு பேரும் ஒரு கிழமைக்குள் சொந்தக்காரர் ஆகியிருப்போம். மாமியோ என்னை மிகுந்த மரியாதையோடு "நீர்" என்று கூப்பிட்டு, மிகுந்த மரியாதையோடு நான் சமைத்ததைச் சாப்பிடாமல் விடுவார். "இண்டைக்கு விரதம் பிள்ளை" என்பார். வெள்ளி, சதுர்த்தி, கார்த்திகை, பிரதோஷம். நான் அடுப்பு மூட்டும் நாளெல்லாம் ஏதாவது ஒரு கடவுளுக்கு உகந்த நாளாக அமைந்துவிடும். வங்கி விடுமுறைகளைவிட மாமியின் விரதங்கள் அதிகம் என்று இவரிடம் சொல்லிச் சிரிப்பேன். இவர் என்றால் என் கணவர்.

வெளியில் அப்படிச் சிரித்தாலும் உள்ளுக்குள் எனக்கு வலித்தது. எத்தனை முறை கழுவினாலும் மீன்காரரின் மகள் கை மீன் கைதான் என்று மாமி நினைப்பது எனக்குத் தெரியும். அவர் அதைச் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. கலியாணமாகி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் என் கையால் ஒரு வாய் சோறு அவர் வயிற்றுக்குள் போகவில்லை. அந்த ஒரு வாய்க்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

அது நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். ஒரு காலை மாமி குளியலறையில் சத்தி எடுத்தார். எட்டிப் பார்த்தேன். கோப்பித் தூளைத் தண்ணீரில் கலக்கியது போல் கறுப்பாக இருந்தது.

"நேற்றுக் குடிச்ச கோப்பியாக்கும்" என்றார் மாமி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

மாமி கோப்பி குடிப்பதை விட்டுப் பல காலம். இவருக்குப் போன் எடுத்தேன். இவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பகுதியில் வேலை. வேலை முறையில் உள்ளே போனால் போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வாசலில் கிடந்த போன் பாவம், நான் எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே இருந்திருக்கும். நானே ஓட்டோ பிடித்து மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

வார்டில் இருந்த டொக்டர் என் வயதுப் பெண். இரைப்பையில் புண் இருக்க வேண்டும், இரத்தம் கசிகிறது, கமரா விட்டுப் பார்க்க வேண்டும், அதுவரை வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை நரம்பு வழியாக ஊசியில் ஏற்றப் போவதாகவும் சொன்னார். பிறகு மாமியிடம் திரும்பினார்.

"அம்மா, வேற மருந்து ஏதாவது எடுக்கிறீங்களோ? நோவுக்கு எடுக்கிற மாத்திரை, நெஞ்சுக்குப் போடுற மாத்திரை, நாட்டு மருந்து, எதெண்டாலும் சொல்லுங்கோ. ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாம விட்டிருக்கோ?"

"ஒண்டும் இல்லை" என்றார் மாமி. பாடசாலைக்குக் கல்வி அதிகாரி வந்தால் சொல்லும் குரல் அது.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தெரியும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மாமிக்கு முழங்கால் நோ. கோயிலில் சந்திக்கும் சிநேகிதி ஒருத்தி கொடுத்த வெள்ளை மாத்திரைகளை அலுமாரியில் துணிக்குப் பின்னால் ஒரு சிறிய டப்பாவில் வைத்திருந்தார். விரத நாளில், வெறும் வயிற்றிலேயே, இரண்டு இரண்டாகப் போடுவார். நான் கண்டிருக்கிறேன். ஆனால் மாமி இல்லையென்று சொன்னதை மருமகள் ஓமென்று சொல்லலாமா? பண்புள்ள மருமகளாக நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் ஊசியை மிஸ்ஸி ஏற்றினார். (எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.) சிறிய போத்தலில் இருந்த வெள்ளைத் தூளைச் சேலைன் விட்டுக் கரைத்து, போத்தலின் பெயரை இன்னொரு முறை வாசித்து, கையில் குத்தியிருந்த குழாய் வழியாக மெல்ல மெல்ல ஏற்றினார்.

"என்ன மிஸ்ஸி இவ்வளவு நேரம்? டக்கெண்டு குத்திப்போட்டு விடுங்கோவன்" என்றார் மாமி.

"இது மெதுவாத்தான் போக வேணும் அம்மா. ஏறேக்க கை எரிஞ்சாலோ, வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ உடன சொல்லுங்கோ. பொறுத்துக்கொண்டு கிடக்காதேங்கோ."

பொறுத்துக்கொண்டு கிடப்பதில் மாமிக்குப் பெரும் பெருமை என்பது மிஸ்ஸிக்குத் தெரியாது. ஏற்றி முடித்ததும் மிஸ்ஸி என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைத் தந்தார். "இந்த ஊசி மருந்து இங்க முடிஞ்சுது. வெளியில வாங்கிக்கொண்டு வாங்கோ. பின்னேரம் அடுத்தது போட வேணும், பிந்த ஏலாது."

நான் புறப்படும்போது அடுத்த கட்டில் அக்கா கூப்பிட்டார். சம்பூரில் இருந்து வந்தவர். மண்வெட்டி பட்டுக் காலில் பெரிய காயம், புண் பழுத்துவிட்டது. கூட நிற்க ஆள் இல்லை. "தங்கச்சி, போறீங்கள் எண்டா எனக்கும் இந்த ஊசி மருந்தை வாங்கிக்கொண்டு வாறீங்களே?" என்று அவருடைய துண்டையும் தந்தார். அந்த நாட்களில் யார் ஃபார்மசிக்குப் போனாலும் பாதி வார்டுக்குச் சேர்த்துத்தான் போவார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமி பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா?

வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திருகோணமலை டவுன் முழுக்க அலைந்தேன். போன இடமெல்லாம் "இல்லை", "முடிஞ்சுது", "நாளைக்கு வாங்கோ". கடைசியில் ஒருவர் கிண்ணியாவில் இருக்கும் என்றார். பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே ஒரு ஃபார்மசி நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்) இரண்டு துண்டையும் வாசித்துவிட்டு, இரண்டு மருந்தையும் எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே அளவுக் கண்ணாடிப் போத்தல்கள். இரண்டிலும் வெள்ளைத் தூள், மேலே றப்பர் மூடி. ஒட்டியிருந்த லேபலில்தான் வித்தியாசம்.

"குளிர்ல வைக்கத் தேவல்ல தங்கச்சி" என்றார் நானா. "வெயில்ல மட்டும் விட்டுராதீங்க. பெட்டியோட அப்பிடியே கொண்டு போங்க."

தெளிவான தமிழ். ஒரு குழந்தைக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் வெளியே வந்தால் மண்டையைப் பிளக்கும் வெயில். ஸ்கூட்டியின் சீற்றில் கை வைக்க முடியவில்லை. நானாவுக்கு மருந்து வியாபாரம் தெரிந்திருக்கலாம், சூட்டையும் குளிரையும் பற்றி எங்கள் குடும்பத்துக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் ஒரு நிபுணரின் ஆலோசனை இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது அல்லவா? அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஊசி மருந்து எண்டாக் குளிர்லதானே பிள்ளை வைப்பினம்" என்றார் அப்பா. "பக்கத்து வீட்டுச் சீனி வருத்தக்காரி தன்ர இன்சுலின் ஊசியைப் பிரிட்ஜிலதானே வைச்சிருக்கிறா. சந்தையில நம்மட மீன் கடைக்குப் போய் என்ர பேரைச் சொல்லு. ஐஸ் தருவான்."

"பெட்டியோட வைக்கட்டோ அப்பா?"

"மட்டைப் பெட்டியோட வைச்சா எப்பிடிப் பிள்ளை குளிர் உள்ள போகும்? மீனைப் பெட்டிக்குள்ள வைச்சோ ஐஸ் அடிக்கிறம்? பிரிச்சு வெறுமையாப் போடு. கீழ ஐஸ், நடுவில மருந்து, மேல ஐஸ். ஒரு பிடி உப்பும் போடு, குளிர் இன்னும் கூடும்."

அப்பா சொன்னபடியே செய்தேன். மீன் கடைக்காரர் பழைய ரெஜிபோம் பெட்டி (வெள்ளைத் தெர்மோகோல்) ஒன்றைத் தந்தார். காலையில் அதில் பாரைக்குட்டி இருந்ததாம். போத்தல்களை அட்டைப் பெட்டியிலிருந்து உருவி, மாமியின் மருந்தையும் சம்பூர் அக்காவின் மருந்தையும் ஒரு அடுக்காகப் பரப்பி, ஐஸ் அடித்து, உப்புத் தூவினேன். அட்டைப் பெட்டிகளையும் உள்ளே மடித்திருந்த காகிதங்களையும் அங்கேயே குப்பையில் போட்டேன். (வாசித்தாவது போட்டேனா என்று கேட்காதீர்கள்.) பெட்டியை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் இறுக்கிக் கட்டினேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கனவு. டொக்டர் பெட்டியைத் திறந்து பார்த்து அசந்து நிற்கிறார். "இந்த வெயிலிலயும் இவ்வளவு குளிரா மருந்து கொண்டு வந்தது யார்?" என்று கேட்கிறார். மாமி தலையணையில் சாய்ந்தபடி, "என்ர மருமகள்" என்கிறார். அடுத்த காட்சியில் மாமி என் கையால் கஞ்சி குடிக்கிறார். சீனன்குடா வாசலைக் கடக்கும்போது உள்ளே இருக்கும் கணவருக்கு மனதுக்குள் கையசைத்தேன். எனக்குக் கீழே ஐஸ் கரைந்து, தெரு நெடுகக் கோடு போட்டுக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலர் மறித்தார். "மீன் உள்ள கொண்டு போக ஏலாது."

"மீன் இல்லை அண்ணை, மருந்து."

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "பாரை போல இருக்கு" என்றார். பெட்டியைத் திறந்து காட்டினேன். போத்தலைக் கண்டபிறகும் அவர் முகம் தெளியவில்லை. ஏதோ போ என்று விட்டார்.

அவர் விட்டாலும் பூனை விடவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் குடியிருக்கும் சாம்பல் பூனை ஒன்று சொட்டிய தண்ணீரை நக்கிக்கொண்டு என் பின்னால் வந்தது. நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நடந்தது. பார்வையாளர் நேரம் வேறு. பெண்கள் வார்டு நிறையச் சனம். கையில் மீன் பெட்டி, பின்னால் பூனை, அதன் பின்னால் துடைப்பத்தோடு ஏசிக்கொண்டு வந்த துப்புரவு அம்மா என்று ஊர்வலமாக உள்ளே நுழைந்தேன். மாமியின் கட்டிலுக்கு அருகில் போனதும் மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்.

"நீர் என்ன, வாடிக்குப் போயிட்டோ வாறீர்?" என்றார்.

மிஸ்ஸி வந்து பெட்டியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் போத்தல்கள் உருண்டு கிடந்தன. வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தன. லேபல்கள் தனியாகக் கழன்று, மீன் செதில் போல் மேலே மிதந்தன. சிலவற்றில் எழுத்தெல்லாம் ஊறிக் கூழாகிப் போயிருந்தது.

மிஸ்ஸி ஒரு போத்தலை இரண்டு விரலால் தூக்கினார். "இது என்ன மருந்து?"

"மாமியின்ர ஊசி மருந்து."

"எப்பிடித் தெரியும்?"

"நான்தானே வாங்கினனான்."

"சரி. அப்ப இது?" இன்னொன்றைத் தூக்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்று அமிலத்துக்கு, மற்றது புண்ணுக்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே தூள், ஒரே மூடி. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரத்திலும் என் மூளை வேலை செய்தது. மிதந்த லேபல் ஒன்றை எடுத்து, சுடிதாரில் துடைத்து, அருகில் கிடந்த போத்தலில் ஒட்டப் பார்த்தேன். மிஸ்ஸி என் கையைப் பிடித்துவிட்டார்.

"தங்கச்சி, என்ன செய்யிறீங்கள்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "பேர் தெரியாத மருந்தை நான் ஒருத்தற்ற நரம்பிலயும் ஏத்த மாட்டன். அந்த அக்காவின்ர மருந்து உங்கட மாமிக்கு ஒத்துக்கொள்ளாட்டி என்ன செய்வீங்கள்? பேர் தெரிஞ்சாலும் ஏத்த ஏலாது. இந்த றப்பர் மூடியால குத்தித்தான் மருந்தை எடுக்கிறது. அது மீன் தண்ணியில ஊறிக் கிடக்கு. அதுக்குள்ள இருக்கிறது காய்ஞ்ச தூள். அதுக்கு ஏன் ஐஸ்?"

"கெட்டுப் போகாம இருக்க" என்றேன். நான் கேட்ட என் குரல்களிலேயே மிகச் சிறியது அதுதான்.

சம்பூர் அக்கா சிரிக்கத் தொடங்கினார். காலைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். "தங்கச்சி, என்ர மருந்தையும் சேர்த்தோ குழம்பு வைச்சனீங்கள்?" வார்டே சிரித்தது. பூனை கட்டிலுக்குக் கீழிருந்து கத்தியது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. வெளிறிய முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். எனக்கு அழுகை வந்தது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். பின்னேரம் ஆகிவிட்டது, ஊசி பிந்த ஏலாது என்று சொல்லியிருந்தார்கள், என் கையில் இருப்பது ஒரு பெட்டி மீன் தண்ணீர். இவருடைய அம்மாவுக்கு என்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று உண்மையாகவே பயந்தேன்.

மிஸ்ஸி அதற்குள் போனை எடுத்து அடுத்த வார்டுகளில் கேட்டார். ஓரிடத்தில் மாமிக்கு ஒன்றும், இன்னோரிடத்தில் அக்காவுக்கு ஒன்றும் கடனாகக் கிடைத்தன. சத்தம் கேட்டு டொக்டரும் வந்தார். பெட்டியைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். மாமியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, திரும்பவும் கேக்கிறன். வேற மருந்து ஒண்டும் எடுக்கேல்லையோ?" என்றார்.

"இல்லை" என்றார் மாமி.

பெயர் தெரியாத மருந்து உடம்புக்குள் போகக் கூடாது என்று இப்போதுதான் எல்லாருக்கும் முன்னால் எனக்குப் பாடம் நடந்திருந்தது. என் மரியாதை ஏற்கெனவே கப்பலேறிவிட்டது. இனிப் போவதற்கு ஒன்றும் இல்லாதவளுக்கு ஒரு துணிச்சல் வரும்.

"எடுக்கிறவ டொக்டர்" என்றேன். "முழங்கால் நோவுக்கு. விரதத்தில, வெறும் வயித்தில, ரெண்டு ரெண்டாப் போடுறவ."

மாமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வகுப்பே அடங்கிப் போயிருக்கும்.

"என்ன மாத்திரை அம்மா? பேர் என்ன?" என்றார் டொக்டர்.

மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வெள்ளையா இருக்கும்" என்றார். "வட்டமா இருக்கும். கோயிலுக்கு வாற ஒராள் தந்தது."

மிஸ்ஸி மாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "நல்ல பொருத்தம்" என்றார். "மருமகள் பேர் தெரியாத மருந்தை ஐஸுக்குள்ள வைச்சிருக்கிறா. மாமி பேர் தெரியாத மருந்தை வயித்துக்குள்ள வைச்சிருக்கிறா."

வார்டு இரண்டாம் முறை சிரித்தது. மாமியின் வாய் ஓரம் துடித்தது. கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்காதேங்கோ அம்மா, வயிறு நோகும்" என்று டொக்டர் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நோ மாத்திரைதான் புண்ணுக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்றும், அதை நிறுத்தாமல் எத்தனை ஊசி போட்டாலும் பிரயோசனம் இல்லை என்றும் டொக்டர் சொன்னார். முழங்காலுக்கு வேறு வழி பார்க்கலாம் என்றார். நான் திரும்பவும் கிண்ணியாவுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் நானா மருந்துகளைப் பெட்டியோடு இரண்டு தனிப் பைகளில் சுற்றி, நோயாளியின் பெயரையும் மேலே எழுதினார். "தங்கச்சி, வழியில மீன் கடைப் பக்கம் போகாதீங்க" என்றார்.

நான் வார்டுக்குத் திரும்பியபோது இவர் வேலை முடிந்து பதறியடித்துக்கொண்டு வந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்தபடி, "ஏன் இங்க மீன் மணக்குது?" என்று கேட்டார்.

"உன்ர மனிசி எனக்கு மருந்து கொண்டு வந்தவள்" என்றார் மாமி.

கமரா விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது, கசிவு நின்றிருந்தது. சில நாட்களில் மாமி விழுங்கத் தொடங்கியதும் ஊசியை நிறுத்தி, அதே வேலை செய்யும் மாத்திரை தருவதாக டொக்டர் சொன்னார். மாமிக்கு அது பிடிக்கவில்லை. ஊசிதானே பலம் என்று வாதாடினார்.

"விழுங்கக் கூடிய ஆளுக்கு ஊசி ஏன் அம்மா? ரெண்டும் ஒரே வேலைதான் செய்யும்" என்றார் டொக்டர். "சாப்பாட்டுக்கு முன்னம் எடுங்கோ. நாங்கள் சொன்ன நாளில வந்து காட்டுங்கோ. நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம், நீங்களா நீட்டவும் வேண்டாம். இப்போதைக்கு விரதமும் கூடாது."

வீட்டுக்கு வந்த அன்று நான் கஞ்சி வைத்தேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றேன். மாமி கொஞ்ச நேரம் கஞ்சியைப் பார்த்தார். பிறகு கரண்டியால் அள்ளி ஒரு வாய் குடித்தார்.

"ருசி இல்லை" என்றார் மாமி. முழுவதையும் குடித்து முடித்தார். நான் குசினிக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதேன்.

இப்போது மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. என் சாம்பாரை இன்றைக்கும் பாதி நாள் தள்ளி வைத்துவிடுகிறார். முந்தி விரதம் என்பார். இப்போது, "இதை மனுசர் தின்பினமோடி?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். நானும் சும்மா விடுவதில்லை, திருப்பிக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் நடக்கும் ஒவ்வொரு விசேஷத்திலும் ஐஸ் பெட்டிக் கதை கட்டாயம் வரும். மாமிதான் சொல்வார். பழைய ஆசிரியை அல்லவா, நிறுத்தி நிறுத்தி, கை அசைவோடு சொல்வார். வருஷத்துக்கு வருஷம் பூனைகள் கூடிக்கொண்டு போகின்றன. "எல்லாரும் மருமகளால பிழைச்சம் எண்டு சொல்லுவினம். நான் மருமகள் இருந்தும் பிழைச்சனான்" என்று முடிப்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் அந்தக் கோயில் சிநேகிதியைச் சந்தித்தோம். மாமி நொண்டி நடப்பதைப் பார்த்துவிட்டு, அவர் கைப்பையைத் திறந்து காகிதத்தில் சுற்றிய இரண்டு மாத்திரையை நீட்டினார். "இது புதுசு. ஒண்டும் செய்யாது, போடுங்கோ."

மாமி கையை நீட்டவில்லை. "என்ர மருமகளிட்டக் காட்டாம நான் ஒண்டும் விழுங்கிறேல்லை" என்றார்.

"ஆரிட்ட? மருந்தை ஐஸில போட்டவளிட்டயோ?"

"ஓம், அவளிட்டத்தான்" என்றார் மாமி. "உங்களிட்ட இருக்கிறதுக்கு லேபல் இல்லை எண்டது அவள் ஒருத்திக்குத்தான் கண்ணில படும்."